ஆறே பேராசிரியர்கள் இருக்கும் துறையில் படிப்பது

அமெரிக்காவின் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி (பல துறைகளையும் கலந்து படிக்க வைக்கும் இளங்கலைக் கல்லூரி) என்றதும் எல்லோரும் சொல்வது இரண்டு விஷயம்: வகுப்பு சின்னது, பேராசிரியருக்கு மாணவரைப் பெயரோடு தெரியும். இரண்டும் உண்மைதான். ஸ்வார்த்மோர், கிரின்னல், ரீட், கார்ல்டன், வில்லியம்ஸ் போன்ற இடங்களில் மொத்த மாணவர் எண்ணிக்கையே ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரைதான். முதுகலை மாணவர்கள் கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் மாணவர் குறைவு என்றால் பேராசிரியரும் குறைவு. இயற்பியலோ தத்துவமோ, ஒரு துறையில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அந்த ஆறு பேர் எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் நடத்துகிறார்கள், யார் எப்போது விடுப்பில் போகிறார்கள் என்பதை வைத்துத்தான் நான்கு ஆண்டுப் படிப்பும் அமையும். சேர்ந்த புதிதில் இந்தக் கணக்கைப் போடுபவர்கள் குறைவு. மூன்றாம் ஆண்டில் போட்டுப் பார்த்துப் பயனில்லை.

கல்லூரியின் பாடப் பட்டியலான கேட்டலாகைத் திறந்தால் ஒரு துறையின் கீழ் நாற்பது பாடங்கள் இருக்கும். மயங்க வேண்டாம். இத்தகைய கல்லூரிகளில் ஒரு பேராசிரியர் ஆண்டுக்கு நான்கைந்து பாடம் நடத்துவார். ஆறு பேர் என்றால் அதிகபட்சம் முப்பது. ஒருவர் சபாட்டிக்கலில் (ஆய்வு விடுப்பில்) போனால் இருபத்தைந்து. அதில் பாதி, அறிமுகப் பாடத்தின் இரண்டு மூன்று பிரிவுகளுக்கும் முதலாண்டு செமினாருக்கும் (சிறு கலந்துரையாடல் வகுப்பு) மெத்தட்ஸ் (ஆய்வு முறை) பாடத்துக்கும் போய்விடும். மிஞ்சுவது ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு மேல்நிலைப் பாடங்கள், அதாவது செமஸ்டருக்கு ஐந்தாறு. அவற்றிலும் இரண்டு ஒரே நேரத்தில் மோதும். கேட்டலாகில் பாட விவரத்தின் கடைசி வரியில் ‘ஓராண்டு விட்டு ஓராண்டு நடத்தப்படும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பாடத்தின் தலைப்பை விட அந்த வரிதான் முக்கியம்.

சங்கிலிப் பாடங்களில் இது இன்னும் கடுமை. ஜெனரல் கெமிஸ்ட்ரி முடித்தால்தான் ஆர்கானிக். ஆர்கானிக் முதல் பாகம் பெரும்பாலும் ஃபாலில் (இலையுதிர்கால செமஸ்டர்) மட்டும், இரண்டாம் பாகம் ஸ்ப்ரிங்கில் (வசந்தகால செமஸ்டர்) மட்டும். பல இடங்களில் அதையும் மல்டிவேரியபிள் கால்குலஸையும் தாண்டினால்தான் பிசிக்கல் கெமிஸ்ட்ரி. ஒரு செமஸ்டர் தாமதமாகத் தொடங்கினால் நடைமுறையில் ஓராண்டு தள்ளிப்போகும். கணிதத்தில் லீனியர் அல்ஜீப்ரா, பிறகு ரியல் அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா என்று போகும். கடைசி இரண்டும் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். ‘மேஜரை (முதன்மைப் பாடத்துறையை) இரண்டாம் ஆண்டு கடைசியில்தானே அறிவிக்க வேண்டும், முதலாண்டு சுற்றிப் பார்’ என்ற அறிவுரை வரலாறு, ஆங்கிலம், சமூகவியல் எடுப்பவர்களுக்குச் சரி. இயற்பியல், வேதியியல், கணிதம் பக்கம் லேசாக ஒரு கண் இருந்தாலும் அது ஆபத்தான அறிவுரை. முதல் செமஸ்டரின் நான்கு இடங்களில் ஒன்றை முதலாண்டு செமினாருக்கும் ஒன்றை அறிவியல் சங்கிலியின் முதல் கண்ணிக்கும் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டில் ஆசைப்பட்டதை எடுக்கலாம். பிறகு மனம் மாறினாலும் அந்த அறிவியல் பாடம் டிஸ்ட்ரிபியூஷன் கணக்கில் சேர்ந்துவிடும்.

டிஸ்ட்ரிபியூஷன் என்பது எல்லாப் பக்கமும் கொஞ்சம் படிக்க வைக்கும் விதி: கலை, சமூக அறிவியல், இயற்கை அறிவியல், வெளிநாட்டு மொழி என்று ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு பாடம். எல்லா இடத்திலும் இது கிடையாது. ஆம்ஹர்ஸ்டிலும் கிரின்னலிலும் முதலாண்டில் ஒரே ஒரு கட்டாயப் பாடம்தான். அதன்பின் மேஜருக்கு வேண்டியதைத் தவிர மாணவர் இஷ்டம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் புள்ளியியல் ஒன்று எடுத்திருக்கலாமே என்று நினைவூட்ட எந்த விதியும் அங்கே இல்லை. அந்த வேலையைப் படிப்புக்கு வழிகாட்டும் பேராசிரியரான அட்வைசர்தான் செய்ய வேண்டும். எல்லா அட்வைசரும் செய்வதில்லை.

வழக்கமான கணக்கு செமஸ்டருக்கு நான்கு பாடம், எட்டு செமஸ்டர், மொத்தம் 32. ஒரு தாளில் 32 கட்டம் போட்டுக் கடைசியிலிருந்து நிரப்பி வருவது நல்லது. முதலில் தீசிஸ் (கடைசி ஆண்டு ஆய்வேடு), அதற்கு முன் சீனியர் செமினார், அதற்கு முன் அது கேட்கும் முன்தேவைப் பாடங்கள். இரண்டாம் ஆண்டு ஸ்ப்ரிங்கில் மேஜர் படிவத்தில் கையெழுத்து வாங்கத் துறைத்தலைவரிடம் போகும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டில் யார் யார் விடுப்பில் போகிறார்கள்? மூன்றாம் ஆண்டுக் கட்டாய செமினார் எந்த செமஸ்டரில் வருகிறது? இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் வெளிநாட்டு செமஸ்டருக்கு விண்ணப்பிப்பவர்கள், திரும்பி வந்தபின் அந்த செமினாரை நான்காம் ஆண்டில் தீசிஸோடு சேர்த்துச் சுமக்க நேரும்.

பாடம் போதவில்லை என்றால் பக்கத்துக் கல்லூரி உண்டா என்று பார்க்க வேண்டும். ஆம்ஹர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் மாணவர்கள் பஸ் ஏறிப் போய் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கலாம். கணிதத்தில் பிஎச்டி நோக்கம் உள்ளவர்களுக்கு அங்கிருக்கும் முதுகலைப் பாடங்கள் பெரிய வரம். பொமோனாவைச் சுற்றியுள்ள கிளேர்மான்ட் கல்லூரிகள் நடந்தே போகும் தூரம். ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்ட், பிரின் மார் மூன்றும் ஒரு கூட்டணி. அயோவாவின் சோள வயல்களுக்கு நடுவில் இருக்கும் கிரின்னலுக்கு இப்படி ஒரு பக்கத்து வீடு இல்லை. இருக்கும் இடத்திலும் பஸ் நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் 75 நிமிட வகுப்பு அரை மதியத்தைத் தின்றுவிடும்.

பதிவு நாளில் பெரும்பாலும் அட்வைசர் ஒப்புதல் தராமல் சிஸ்டம் திறக்காது. அவரைச் சந்திக்கும் முன்பே நான்கு பாடத்துக்கு மாற்றாக இன்னும் மூன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். செமினாருக்குப் பதினைந்து இடம் என்றால் பதினைந்துதான். வெயிட்லிஸ்டில் நிற்பவர் முதல் வகுப்புக்கு நேரில் போய் உட்கார வேண்டும். போகும் முன் இந்தப் பாடம் ஏன் வேண்டும் என்று மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல். ஆட்–டிராப் (பாடம் சேர்க்கவும் விடவும் தரும் காலம்) முடிவதற்குள் யாராவது விலகுவார்கள். ஆட்–டிராப் பெரும்பாலும் முதல் இரண்டு வாரம். அதற்குப் பிறகு விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் சான்றில்) டபிள்யூ, அதாவது பாடத்தைப் பாதியில் விட்ட குறி, விழும். ஒரு டபிள்யூவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, டி கிரேடை விட அது எவ்வளவோ மேல். ஆனால் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் முழுநேர மாணவராக, குறைந்தது 12 கிரெடிட்டோடு (பாடத்தின் சுமையை அளக்கும் அலகு) இருந்தாக வேண்டும். நான்கு கிரெடிட் பாடங்கள் நான்கு எடுத்தவர் ஒன்றை விட்டால் சரியாக 12-இல் நிற்பார், இரண்டை விட்டால் விசா நிலையே போய்விடும். டிராப் பட்டனை அழுத்தும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அழுத்திவிட்டுக் கேட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம்.

இனி வாரம் எப்படிப் போகும் என்பது. ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும் வெளியே இரண்டு மணி நேர வேலையும் என்பது அமெரிக்க அரசின் வரையறை. நான்கு கிரெடிட் பாடத்துக்கு 12 மணி நேரம், நான்கு பாடத்துக்கு 48. வகுப்பில் உட்கார்வது இதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் முதல் மாதத்தில் அட்டவணை காலியாக இருப்பதுபோல் தோன்றும். அந்தக் காலி இடங்கள்தான் படிப்பு. ஆய்வகப் பாடம் எடுத்தால் ஒரு மதியம் முழுக்க, மூன்று நான்கு மணி நேரம் போகும். இரண்டு ஆய்வகப் பாடத்தை ஒரே செமஸ்டரில் எடுப்பவர் மூன்றாவதையும் நான்காவதையும் கொஞ்சம் இலகுவாக வைத்துக்கொள்வது நல்லது.

செமினாரில் பதினான்கு பேர் ஒரு மேஜையைச் சுற்றி இருப்பார்கள். விரிவுரை இராது. ‘கட்டுரை சுவாரசியமாக இருந்தது’ என்று ஒருவர் சொன்னால் பேராசிரியர் ‘எந்த இடத்தில்?’ என்பார். அதற்குப் பக்க எண் சொல்லத் தெரியாவிட்டால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். ஆகவே 25 பக்கக் கட்டுரையைப் படிக்கும்போது முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் படித்து, ஆசிரியர் எதை நிறுவ வருகிறார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும். பிறகு நடுப்பகுதி. ஓரத்தில் மூன்றே குறிப்பு போதும்: வாதம் நிற்கும் இடம், பக்க எண்ணோடு, வாதம் ஆடும் இடம், பக்க எண்ணோடு, உண்மையிலேயே புரியாத ஓர் இடம். மூன்றாவதுதான் வகுப்பில் அதிகம் பயன்படும். ‘43-ஆம் பக்கத்தில் இவர் சம்மதம் என்கிறார், 51-இல் அதையே பழக்கம் என்கிறார், இரண்டும் ஒன்றா?’ என்று கேட்டால் அடுத்த பதினைந்து நிமிடம் மேஜையே அதைச் சுற்றித்தான் போகும். எல்லா வரியையும் மஞ்சள் பேனாவால் தீட்டி வருபவருக்கு வகுப்பில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பேசக் கூச்சப்படுபவர்கள் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு முறை வாயைத் திறந்துவிட வேண்டும். நேரம் போகப் போக வாய் திறப்பது கடினமாகும், சொல்ல நினைத்ததை வேறொருவர் சொல்லிவிடவும் செய்வார். ஒத்திகை பார்த்த நீண்ட பேச்சு வேண்டாம். முன்னவர் சொன்னதோடு ஒட்டாமல் அது தனியாகத் தொங்கும். பங்கேற்புக்கு 15 அல்லது 20 சதவீத மதிப்பெண் வைக்கும் சிலபஸ்கள் சகஜம். அதில் நிறையப் பேசுபவருக்குத்தான் அதிகம் கிடைக்கும் என்று நினைப்பது தவறு, ஐந்தாவது முறை கை தூக்குபவரைப் பேராசிரியரே பார்க்காததுபோல் விடுவார். இரண்டு நாள் உடம்பு சரியில்லாமல் வராமல் போனால், அடுத்த வகுப்புக்குள் தெரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம், அன்றைக்கே தெரியும். நூற்றைம்பது பேர் ஹாலில் ஒருவர் குறைந்தால் தெரியாது, இங்கே நாற்காலி காலியாக இருக்கும்.

கட்டுரைகள் ஐந்து முதல் ஏழு பக்கம் என்பார்கள், இரட்டை இடைவெளியில் சுமார் 1,500 முதல் 2,000 சொற்கள். அதிகம் நேரும் தவறு, படித்ததைச் சுருக்கி ஒப்பித்துவிட்டுச் சொந்த வாதத்தைக் கடைசிப் பத்தியில் கொண்டுவந்து வைப்பது. இது அறிவுக் குறைவால் வருவதில்லை. எழுதிக்கொண்டே போகும்போதுதான் கருத்து பிறக்கிறது, பிறந்த நேரத்தில் பக்கம் முடிந்துவிடுகிறது. அந்தக் கடைசிப் பத்தியை வெட்டி முதலில் ஒட்டி, மீதியை அதற்கேற்ப மறுபடி எழுதினாலே பி கிரேடு கட்டுரை ஏ பக்கம் நகரும். இதற்கு இரண்டு நாள் வேண்டும், ஆகவே முதல் வரைவு கெடுவுக்கு மூன்று நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். ரைட்டிங் சென்டரில் நேரம் பதிவு செய்வதும் அப்போதுதான். கெடுவுக்கு முந்தின இரவு அங்கே இடம் கிடைக்காது. அங்கிருக்கும் சீனியர்கள் இலக்கணம் திருத்தித் தர மாட்டார்கள். ‘நீ என்ன சொல்ல வருகிறாய்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் பலன் உண்டு. இன்னொன்று: மூலத்தின் வாக்கியத்தில் நாலு சொல்லை மட்டும் மாற்றிப் போடுவதும், அடிக்குறிப்பு கொடுத்திருந்தாலும், திருட்டாகவே கருதப்படும். ஏஐ பயன்படுத்தலாமா என்பதில் கல்லூரிக்கு ஒரு விதி இருந்தாலும் பேராசிரியருக்குப் பேராசிரியர் மாறும். சிலபஸைப் பார்க்காமல் தொடக்கூடாது.

சின்ன வகுப்பில் எழுதிப் பேசும் இந்த விஷயத்தை உச்சத்துக்குக் கொண்டுபோன இடம் வில்லியம்ஸ். அங்கே டுட்டோரியல் என்று ஒன்று உண்டு: பேராசிரியரோடு இரண்டே மாணவர்கள். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுத, மற்றவர் அதற்கு விமர்சனம் எழுதுவார். அடுத்த வாரம் மாறும். ஸ்வார்த்மோரின் ஹானர்ஸ் (சிறப்புத் தகுதி) திட்டத்தில் கடைசித் தேர்வை வெளிக் கல்லூரிப் பேராசிரியர்கள் வந்து எழுத்திலும் வாய்மொழியிலும் நடத்துவார்கள். பாடம் நடத்தியவர் மதிப்பெண் போடும் ஆளாக இல்லாதபோது அவரும் மாணவரும் ஒரே அணியாகிவிடுகிறார்கள். என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் முழு அழகும் அதில்தான் இருக்கிறது.

பேராசிரியர் மாணவரைச் சந்திக்க ஒதுக்கும் ஆஃபீஸ் ஹவர்ஸ் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். சுருக்கமாக: இரண்டாம் வாரமே போக வேண்டும், ‘புரியவில்லை’ என்று வெறுங்கையோடு போகாமல் ‘மூன்றாம் கணக்கில் இந்த வரி வரை வந்தேன்’ என்று தாளோடு போக வேண்டும். சிபாரிசுக் கடிதம் இங்கிருந்துதான் வருகிறது. ஒரே பேராசிரியரிடம் இரண்டு பாடம் எடுத்தவருக்கு அவர் எழுதும் கடிதம் ஒரு பாடம் எடுத்தவருக்குக் கிடைப்பதைவிட வேறு தரத்தில் இருக்கும். கேட்கும்போது ஆறு வாரம் அவகாசம், விண்ணப்பப் பட்டியல் கெடுவோடு, அவர் கைப்படத் திருத்தம் எழுதிய பழைய கட்டுரை ஒன்று. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆறு பேர் துறையில் ஒருவரோடு உரசல் வந்தால் ஒதுங்கிப் போக வழியில்லை. கட்டாயப் பாடத்தை அவர் மட்டுமே நடத்தலாம், தீசிஸ் குழுவிலும் அவரே உட்காரலாம். மதிப்பெண் பற்றிய தகராறை மின்னஞ்சலில் இரவு பதினொரு மணிக்குத் தொடங்குவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நலம்.

எல்லாக் கல்லூரியும் செமஸ்டரில் ஓடுவதில்லை. கார்ல்டனில் ஆண்டுக்குப் பத்து வார டெர்ம் மூன்று, டெர்முக்கு மூன்று பாடம். ஐந்தாம் வாரமே மிட்டெர்ம். கொலராடோ காலேஜில் 1970 முதல் பிளாக் பிளான்: ஒரு நேரத்தில் ஒரே பாடம், மூன்றரை வாரம். நிலவியல் வகுப்பு நாள்கணக்கில் மலையில் போய்க் கிடக்கலாம், மோத வேறு வகுப்பே இல்லை. ஆனால் அங்கே இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் செமஸ்டர் கல்லூரியில் ஒன்றரை வாரம் போனதற்குச் சமம். கணிதம் போல ஊறப்போட வேண்டிய பாடத்துக்கு இந்த வேகம் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. ரீடில் சி-யோ அதற்கு மேலோ வாங்கினால் கிரேடு என்ன என்று கேட்டால்தான் சொல்வார்கள். ஹேவர்ஃபோர்டில் ஹானர் கோட் (மாணவர் நேர்மை விதி) என்ற நம்பிக்கையில் கண்காணிப்பாளர் இல்லாமல், மாணவரே நேரம் தேர்ந்தெடுத்து இறுதித் தேர்வு எழுதுவார்.

தங்குவது பெரும்பாலும் நான்கு ஆண்டும் வளாகத்துக்குள்தான். இரண்டாம் ஆண்டு முதல் அறை லாட்டரியில் வரும், சீனியருக்கு முன்னுரிமை. ரூம்மேட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் முதல் சில வாரம் மாற்றித் தர மாட்டார்கள். ஆரம்பத்திலேயே போட்ட ரூம்மேட் ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு விடுதியைக் கவனிக்கும் மூத்த மாணவரான ஆர்ஏ-விடம் போவதுதான் முதல் படி. வெளிநாட்டு மாணவர்கள் முன்கூட்டியே பார்க்க வேண்டியது குளிர்கால விடுமுறை. கார்ல்டன் போன்ற இடங்களில் நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலல் நாளுக்கு முன்பே டெர்ம் முடிந்து ஆறு வாரம் விடுமுறை. பல கல்லூரிகளில் அப்போது டார்மும் பூட்டி உணவுக்கூடமும் பூட்டிவிடுவார்கள். விடுமுறைத் தங்கலுக்குத் தனி விண்ணப்பம் உண்டு, அதன் கெடு எப்போதும் நினைப்பதைவிட முன்னால் வரும்.

வளாக வேலை எஃப்-1 மாணவருக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை. எட்டு முதல் பத்துக்கு மேல் எடுத்தால் அந்த 48 மணி நேரக் கணக்கு ஆட்டம் காணும். நூலக மேஜை வேலை முதலாண்டுக்குச் சுகம். இரண்டாம் ஆண்டு முதல் துறையில் கிரேடர் (விடைத்தாள் திருத்துபவர்), ஆய்வக உதவியாளர் வேலைக்குப் போவது நல்லது. முதுகலை மாணவர் இல்லாததால் பெரிய பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குப் போகும் ஆய்வு வாய்ப்பு இங்கே இளங்கலை மாணவருக்கு வருகிறது. கோடை ஆய்வு எட்டு முதல் பத்து வாரம், உதவித்தொகையோடு. விண்ணப்பம் ஜனவரி, பிப்ரவரி வாக்கில். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்இயு என்ற கோடை ஆய்வுத் திட்டங்களில் அந்த அறக்கட்டளையின் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) உள்ளோருக்கும்தான். வெளிநாட்டு மாணவர் கல்லூரியின் சொந்த நிதியைக் குறி வைக்க வேண்டும், அதற்குப் பேராசிரியரிடம் டிசம்பருக்கு முன்பே பேசியிருக்க வேண்டும்.

தீசிஸ் ரீடில் எல்லோருக்கும் கட்டாயம், ஒஹாயோவின் வூஸ்டரிலும் அப்படியே. வூஸ்டரில் சமர்ப்பித்தவுடன் கையில் ஒரு டூட்ஸி ரோல் மிட்டாய் கொடுப்பார்கள். ஓராண்டு உழைப்புக்கு அவ்வளவுதான், ஆனால் அதைப் பத்திரப்படுத்துபவர்கள் உண்டு. மற்றப் பல இடங்களில் ஹானர்ஸ் வேண்டியவர் மட்டும் எழுதினால் போதும். தலைப்பை மூன்றாம் ஆண்டு ஸ்ப்ரிங்கில் முடிவு செய்யும்போது மறுபடி அதே ஆறு பேர் கணக்கு: வழிகாட்ட வேண்டியவர் அடுத்த ஆண்டு ஊரில் இருக்கிறாரா? நேர்காணலோ சர்வேயோ இருந்தால் ஐஆர்பி (மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் குழு) ஒப்புதல் இல்லாமல் ஒருவரிடமும் கேள்வி கேட்கக்கூடாது. அது வாரக்கணக்கில் இழுக்கும், செப்டம்பரில் விண்ணப்பித்து நவம்பரில் தொடங்குபவருக்குத் தரவு சேகரிக்க நேரமே இராது. சிறிய நூலகம் என்பதால் புத்தகம் பிற நூலகத்திலிருந்து இன்டர்லைப்ரரி லோனில் வரும், அதையும் நாள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைசி செமஸ்டரில் தீசிஸும் ஓபிடி (படிப்பு முடிந்து அமெரிக்காவில் வேலை பார்க்க அனுமதி) விண்ணப்பமும் ஒன்றாக வந்து நிற்கும். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிலிருந்து முடிந்து 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். கல்லூரி அலுவலர் பரிந்துரை பதிவு செய்த 30 நாளுக்குள் படிவம் குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். ஓபிடி 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) மேஜருக்கு மட்டும் மேலும் 24 மாதம் நீட்டிப்பு. இந்த விதிகள் அடிக்கடி விவாதத்துக்கு வருவதால் விண்ணப்பிக்கும் ஆண்டில் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். பொருளாதாரம் எடுப்பவர்கள் இதைக் கடைசி ஆண்டு வரை விட்டுவைக்கக்கூடாது. பொதுப் பொருளாதாரத்தின் வகைப்பாட்டு எண் 45.0601, அது ஸ்டெம் பட்டியலில் இல்லை. ஈகோனோமெட்ரிக்ஸ், குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் என்ற 45.0603 இருக்கிறது. எந்தக் கல்லூரி எந்த எண்ணில் பட்டம் தருகிறது என்பது அந்தந்தக் கல்லூரியின் முடிவு. மேஜர் படிவத்தில் கையெழுத்துப் போடும் இரண்டாம் ஆண்டிலேயே கேட்டுவிடலாம். மேஜரை மாற்றி ஐ-20 (விசாவுக்குக் கல்லூரி தரும் சான்று) புதுப்பித்து வந்ததும், முதல் பக்கத்தில் மேஜர் பெயரோடு அந்த எண்ணும் அச்சாகியிருக்கும்.